சின்னப் பிள்ளைக்கு சாஃப்ட்பால் எறிய சொல்லித்தர்றது: துண்டு துண்டாவா, முழுசாவா?

அமெரிக்காவுல பொண்ணை சாஃப்ட்பால் (பேஸ்பால் மாதிரி, கொஞ்சம் பெரிய பந்துல ஆடற ஆட்டம்) லீக்ல சேர்த்துட்டு, சீசன் ஆரம்பிக்கறதுக்குள்ள அவளுக்கு ஓவர்ஹேண்ட், அதாவது தோளுக்கு மேல கையைக் கொண்டு வந்து எறிய சொல்லித்தரணுமே, எங்க இருந்து ஆரம்பிக்கறதுன்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்க. யூட்யூப்ல தேடினா ஒரு கோச் பிள்ளையை முட்டி போட வச்சு மணிக்கட்டை மட்டும் ஆட்ட சொல்றார், இன்னொருத்தர் சோளக்கொல்லை பொம்மை மாதிரி ரெண்டு கையையும் விரிச்சு நில்லுங்கறார், மூணாவது ஆள் அதெல்லாம் வேணவே வேணாம், பலமா எறிய விடுங்க போதும்ங்கறார். மூணு பேருமே வருஷக்கணக்கா பிள்ளைங்களோட மைதானத்துல நிக்கிறவங்கதான். இதுல எதை எடுக்கறது?

என் பதிலை முன்னாடியே சொல்லிடறேன். 5-ல இருந்து 8 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைக்கு மூணாவதுதான் சரி. முழு த்ரோ, பலமா, கைக்கு அடங்கற பந்துல, பெரிய இலக்கைப் பாத்து. மத்த ரெண்டையும் தூக்கிப் போட வேணாம், ஆனா அதுல ஆரம்பிக்காதீங்க, எங்கயாவது தப்பு ஒட்டிக்கிட்டு போக மாட்டேங்குதுன்னா அதை சரி பண்ண மட்டும் எடுங்க. ஏன் இப்படி சொல்றேன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு குழப்பத்தை தீர்த்துக்குவோம். சாஃப்ட்பால்னாலே கீழ இருந்து எறியறதுதானே, டிவில பிட்சர் (அடிக்கறவங்களுக்கு பந்து போடறவங்க) கையை ஒரு முழு சுத்து சுத்தி இடுப்புக்கிட்ட இருந்து விடறாங்களே, அப்புறம் எதுக்கு ஓவர்ஹேண்ட்னு சிலர் கேப்பாங்க. அப்படி விடறது பிட்சர் மட்டும்தான். அந்த பந்தை அடிச்சுட்டாங்கன்னா அதுக்கப்புறம் மைதானத்துல நடக்கற த்ரோ பெரும்பாலும் ஓவர்ஹேண்ட்தான், பிட்சரே பந்தை எடுத்தாலும் ஃபர்ஸ்ட் பேஸுக்கு (பந்தை அடிச்சவங்க ஓடிப் போய் தொட வேண்டிய முதல் இடம்) அப்படித்தான் எறிவாங்க. சின்ன வயசு டீம்கள்ல பந்தை கோச் போடுவார், இல்லன்னா டீங்கற சின்ன கம்பத்து மேல பந்தை வச்சு அடிப்பாங்க, அதனால பிட்சிங்கை பத்தி இப்ப கவலையே வேணாம். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் நடுவுல 60 அடி, 18 மீட்டருக்கு கொஞ்சம் மேல. அந்த தூரத்தை தாண்டற மாதிரி ஒரு த்ரோ வந்துட்டா பிள்ளைக்கு ஆட்டமே பிடிக்க ஆரம்பிச்சுடும், வரலைன்னா ரெண்டு சீசன்ல "எனக்கு வேணாம்மா"ன்னு நின்னுடும். இதுக்கு நான் இவ்ளோ முக்கியத்துவம் குடுக்கறது அதனாலதான்.

பிள்ளைங்க எப்படி எறிய கத்துக்கறாங்கன்னு 1938-லயே மோனிகா வைல்ட்னு ஒரு ஆராய்ச்சியாளர் படம் பிடிச்சு பாத்து கட்டம் கட்டமா எழுதி வச்சிருக்காங்க, இன்னிக்கும் எறியறதைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க அதை மேற்கோள் காட்டறாங்க. ரெண்டு மூணு வயசுல கை மட்டும் முன்னும் பின்னும் போகும், உடம்பு அசையாது, ரெண்டு காலும் தரையில ஒட்டியிருக்கும். அடுத்த கட்டத்துல இடுப்பும் தோளும் சேர்ந்து ஒரே கட்டையா திரும்பும், கால் அப்பவும் நகராது. அதுக்கடுத்து, சுமார் 5, 6 வயசுல, கால் எடுத்து வைப்பாங்க, ஆனா எறியற கை எந்தப் பக்கமோ அதே பக்கத்து கால். கடைசி கட்டம்தான் எதிர்ப்பக்கத்து கால், வலது கைக்காரின்னா இடது காலை முன்னாடி வச்சு, இடுப்பு முதல்ல திரும்பி, தோள் பின்னாடியே வந்து, கை கடைசியா வர்றது. ஆனா வயசானா இதெல்லாம் தானா வந்துடும்னு நினைச்சுடாதீங்க. பெரியவங்கள்லயே மூணாவது கட்டத்துலயே நின்னு போனவங்க ஏகப்பட்ட பேர், அடுத்த தடவை பிக்னிக்ல யாராவது பந்து எறியும்போது காலைப் பாருங்க, தெரியும்.

இப்ப ஒரு 6 வயசுப் பொண்ணு கையில முழு சைஸ் சாஃப்ட்பாலை குடுத்து எறிய சொல்லுங்க, என்ன நடக்குதுன்னு கிட்டக்க நின்னு பாருங்க. விரல்ல பிடிக்க முடியாது, பந்து உள்ளங்கையில உக்காந்துரும். அது விழுந்துடுமோன்னு மணிக்கட்டை பின்னால மடக்கி தட்டைத் தாங்கற மாதிரி தாங்கிப்பா. முழங்கை கீழ இறங்கி விலாவை ஒட்டும், பந்து காதுகிட்ட வரும், உடம்பு நேரா முன்னாடி பாத்தே இருக்கும், அப்படியே ஒரு தள்ளு தள்ளுவா, ரெண்டு மீட்டர்ல தொப்புன்னு விழும். அவ தப்பா எறியல, அந்தப் பந்தை அந்த கையால அப்படி மட்டும்தான் நகர்த்த முடியும். நாலு வாரம் இப்படியே தள்ளினா அதுவே பழக்கமாயிடும், அப்புறம் "முழங்கையை தூக்கு, முழங்கையை தூக்கு"ன்னு கத்திக்கிட்டே இருக்கணும்.

இப்ப முதல் வழிக்கு வருவோம், துண்டு துண்டா சொல்லித்தர்றது. முதல்ல முழங்கையை இன்னொரு கையால பிடிச்சுக்கிட்டு மணிக்கட்டை மட்டும் ஆட்டி பந்தை விடணும், அப்புறம் ஒரு முட்டியை தரையில வச்சு கையோட எறியணும், அப்புறம் நின்னுக்கிட்டு, அப்புறம் கால் வச்சு. நிறைய லீக்ல வாலண்டியரா வர்ற அப்பாக்கள் இதைத்தான் பண்றாங்க, ஏன்னா அவங்களுக்கு சின்ன வயசுல இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க. இதுல நல்லது இல்லாம இல்ல. பத்து பன்னெண்டு பிள்ளைங்களை கட்டுக்குள்ள வச்சுக்க முடியும், பந்து எங்கயும் பறக்காது, விரல் பந்தோட தையல் மேல இருக்குதான்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் பாக்கலாம். ஆனா த்ரோ எங்க இருந்து வருதுன்னு யோசிச்சீங்கன்னா இது தலைகீழ். பலம் தரையில ஆரம்பிச்சு கால், இடுப்பு, உடம்பு, தோள், முழங்கைன்னு வரிசையா ஏறி கடைசியாதான் மணிக்கட்டுக்கு வருது. உடம்பு முன்னாடி திரும்பும்போது கை ஒரு கணம் பின்தங்குது, அந்த நேரத்துல தோளைச் சுத்தி இருக்கற தசைநாரெல்லாம் இழுபட்டு உடனே சுருங்கி விடுது. மனுஷனோட தோளை வச்சு இதை அளந்து 2013-ல நேச்சர் பத்திரிகையில ஒரு ஆய்வே வந்துச்சு, சிம்பன்சியால நம்மளை மாதிரி வேகமா எறிய முடியாததுக்கு ஒரு முக்கிய காரணம் இந்த தோள் அமைப்புன்னு. நல்ல த்ரோல மணிக்கட்டு சொடுக்கறது பெரும்பாலும் இதோட விளைவு, தனியா ஆட்டிப் பழகறதால வர்றது கம்மி. முட்டி போட வச்சீங்கன்னா கால் போச்சு, இடுப்புல பாதி போச்சு, அந்த வயசுப் பிள்ளைக்கு எது வரலையோ அதையே ப்ராக்டிஸ்ல இருந்து எடுத்துடறீங்க. எனக்கு இதுல பெரிய வருத்தம் இன்னொண்ணு. வாரத்துக்கு ஒரு நாளோ ரெண்டு நாளோதான் ப்ராக்டிஸ், அதுல முதல் கால் மணி நேரம் பிள்ளைங்க முட்டி போட்டு மணிக்கட்டை ஆட்டிக்கிட்டு இருந்தா, ஒருத்தி முழுசா எத்தனை தடவைதான் எறிவா?

ரெண்டாவது, கையை விரிச்சு நிக்கற வழி. பக்கவாட்டுல நின்னு, க்ளவ் போட்ட, எறியாத கை இலக்கை நோக்கி, பந்து இருக்கற கை பின்னாடி நீட்டி, அங்க ஒரு செகண்ட் நிறுத்தி, அப்புறம் எறியறது. இது முதல் வழியை விட எவ்வளவோ தேவலாம், ஏன்னா உடம்பைத் திருப்பி நிக்க வைக்குது, நேரா பாத்துக்கிட்டு தள்ளற பிள்ளைக்கு பாதி பிரச்சினை அதுலயே சரியாயிடும். பிரச்சினை அந்த ஒரு செகண்ட்லதான் இருக்கு. நிறுத்தினா ஓட்டம் அறுந்து போயிடுது, பின்னாடி சாஞ்ச எடை முன்னாடி வர்ற வேகம் செத்துப் போயிடுது, கை மட்டும் தனியா வேலை செய்யுது. சில பிள்ளைங்க இந்த நிக்கற போஸையே த்ரோவோட ஒரு பகுதின்னு மனசுல பதிய வச்சுக்கிட்டு ஆட்டத்துல கூட பந்தை எடுத்து, திரும்பி, சிலை மாதிரி நின்னு, அப்புறம் எறியும், அதுக்குள்ள ரன்னர் பேஸைத் தாண்டியிருப்பா. நிறுத்தாம முன்னும் பின்னும் ஆடி, ஆடற ஆட்டத்துலயே எறிய சொல்லிக்குடுத்தா இதே வழி ரொம்ப நல்லா வேலை செய்யுது, நான் அப்படி மட்டும்தான் இதை சிபாரிசு பண்ணுவேன்.

மூணாவது வழி கேக்க சோம்பேறித்தனமா தெரியும். பலமா எறின்னு சொல்லிட்டா ஆச்சா? ஆகாது, அதுக்கு இடமும் இலக்கும் சரியா அமைச்சுத் தரணும். எங்க பக்கத்துல எல்லா பார்க்லயும் கம்பிவலை ஃபென்ஸ் இருக்கும், அதுல இருந்து நாலஞ்சு மீட்டர் தள்ளி பிள்ளையை நிக்க வச்சு, பக்கத்துல ஒரு பக்கெட் நிறைய பந்து வச்சு, "வேலி அலறணும், அவ்ளோ பலமா அடி"ன்னு சொல்லுங்க. அந்த ஜல்லுங்கற சத்தம் இருக்கே, அதுக்காகவே பிள்ளைங்க எறியும். வீட்டுல கராஜ்ல பழைய பெட்ஷீட்டை கயித்துல தொங்க விட்டாலும் போதும், பலமா பட்டா ஷீட் உள்வாங்கி பந்து அப்படியே கீழ விழும், பொறுக்கறதும் சுலபம். தூரம் போகப் போக ஒரு கால் வைக்காம எறிய முடியாதுன்னு உடம்பே கண்டுபிடிச்சுக்கும், அதனால சத்தம் வர ஆரம்பிச்சதும் ரெண்டு ரெண்டு அடியா பின்னாடி நகர்த்துங்க.

இதுல ரொம்ப முக்கியமான விஷயம், குறி பாக்க சொல்லாதீங்க. இந்த வயசுல சின்ன இலக்கை கிட்டக்க வச்சு "கரெக்டா இதுல அடி"ன்னு சொன்னா பிள்ளை உடனே பழைய தள்ளுக்கு போயிடும், ஏன்னா கிட்டக்க இருக்கற சின்ன இலக்குக்கு தள்ளறதுதான் பாதுகாப்பான வழி. தூரமா பலமா எறிய சொன்னாதான் உடம்பு திரும்புது, கால் வருது, கை பின்னாடி போகுது. எறியறதைப் பத்தின ஆராய்ச்சியிலயும் இதையே சொல்றாங்க, முதல்ல வேகம், குறி அப்புறம்னு. ஊர்ல மாங்கா அடிக்க கல்லெறிஞ்சவங்களுக்கு யார் முழங்கையை பத்தி சொல்லிக்குடுத்தாங்க? மாங்கா உசரத்துல இருந்துச்சு, கல்லு கைக்கு அடங்கிச்சு, முழு பலத்தோட எறிஞ்சாதான் எட்டும், அவ்ளோதான். அந்த மூணையும் பிள்ளைக்கு பார்க்ல ஏற்பாடு பண்ணிக்குடுக்கறதுதான் நம்ம வேலை.

பொண்ணுங்க விஷயத்துல இதை இன்னும் அழுத்தி சொல்லணும். ஆண் பெண் பிள்ளைங்களுக்கு நடுவுல ஓடறது, தாவறதுல எல்லாம் சின்ன வயசுல பெரிய வித்தியாசம் கிடையாது, எறியறதுல மட்டும் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே பெரிய இடைவெளி தெரியுதுன்னு 1985-ல நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்து எழுதினாங்க. பின்னாடி 2010-ல ஆஸ்திரேலியா பழங்குடி பிள்ளைங்களை பாத்தப்போ, அவங்க சமூகத்துல பொண்ணுங்களும் எறிஞ்சு பழகினவங்க, அங்க அந்த இடைவெளி மத்த இடங்களை விட குறைவா இருந்துச்சு. அப்ப எவ்வளவு எறிஞ்சு வளந்தாங்கங்கறதும் இதுல சேருது. நம்ம வீடுகள்ல பையன் கையில ரெண்டு வயசுல பந்தும் பேட்டும் வருது, பொண்ணு கையில கலர் பென்சில் வருது. அதனால 6 வயசுல லீகுக்கு வர்ற பொண்ணுக்கு வேணும்கறது திருத்தம் இல்ல, எறியற எண்ணிக்கைதான். மெதுவா மென்மையா எறிய சொல்லி அவளை இன்னும் பின்னாடி தள்ளிடாதீங்க.

சரி, மூணாவது வழில குறையே இல்லையான்னா இருக்கு. பந்து கண்டபடி பறக்கும், அதனால எல்லாரும் ஒரே திசையில எறியணும், கோச் சொல்ற வரைக்கும் யாரும் முன்னாடி போய் பந்து பொறுக்கக்கூடாது, இந்த ஒரு ரூலை முதல் நாளே கண்டிப்பா வைக்கணும். இன்னொண்ணு, சில பிள்ளைங்க எவ்ளோ பலமா எறிஞ்சாலும் அதே பக்கத்து காலையே வைக்கும், தானா மாறாது. அங்கதான் ரெண்டாவது வழியை கையில எடுக்கணும். பக்கவாட்டுல காலை அகட்டி நிக்க வச்சு, பின் கால்ல சாஞ்சு முன் கால்ல சாஞ்சு ஆட விட்டு எறிய சொல்லுங்க. அது வந்ததும் முன்னாடி ஒரு கயித்தை தரையில போட்டு, க்ளவ் பக்கத்து காலால அதைத் தாண்டி எறிய சொல்லுங்க. அந்த ஷூ மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி "ஸ்டிக்கர் காலு தாண்டணும்"னு சொன்னா வலது இடது குழப்பமே வராது. ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயம் சொல்லுங்க, முழங்கை, மணிக்கட்டு, கால், கண் எல்லாத்தையும் ஒரே த்ரோல சொன்னா பிள்ளை மரம் மாதிரி நின்னுடும். சொல்றதையும் உடம்பை பத்தி சொல்லாம வெளியில இருக்கறதை பத்தி சொல்லுங்க, கயிறை தாண்டு, வேலியை அலற வை, பந்தை பின்னாடி இருக்கற மரத்துக்கு காட்டிட்டு எறி, இந்த மாதிரி.

பந்து பத்தி. இதுல தப்பான பந்தை எடுத்தா எந்த வழியும் உதவாது. பெரியவங்க ஃபாஸ்ட்பிட்ச்ல (பிட்சர் வேகமா பந்து போடற சாஃப்ட்பால்) ஆடற பந்து சுத்தளவு 12 இன்ச், எடை 178-ல இருந்து 198 கிராம். 11 இன்ச் பந்து 170 கிராம் வாக்குல, பொதுவா 10 வயசுக்கு உட்பட்ட டீம்ல அதான். அதுக்கும் கீழ உள்ள டீம்கள்ல 10 இன்ச்சோ இல்ல உள்ள மெத்துன்னு இருக்கற 11 இன்ச்சோ லீகுக்கு லீக் மாறும், கேட்டுக்கோங்க. டென்னிஸ் பால் வெறும் 58 கிராம் பக்கம், சாஃப்ட்பால்ல மூணுல ஒரு பங்கு. 5 வயசுக்கு நான் டென்னிஸ் பால்தான் சொல்வேன், விரல்ல அடங்கும், வலிக்காது, வேலியில பட்டா நல்ல சத்தம் வரும். ஓட்டை ஓட்டையா இருக்கற பிளாஸ்டிக் பந்தை வாங்காதீங்க, எவ்ளோ பலமா எறிஞ்சாலும் காத்து தடுத்து கிட்டக்கவே விழுந்துடும், பிள்ளைக்கு பலமா எறிஞ்சதோட பலனே தெரியாது. 6, 7 வயசுல மெத்துன்னு இருக்கற 9 இன்ச் பேஸ்பால், அது நல்லா வந்ததும் 10 இன்ச், லீக் ஆரம்பிக்கற சமயத்துல அவங்க குடுக்கற பந்து. பெரிய பந்துல ரெண்டு விரலால பிடிக்க வைக்க பாக்காதீங்க, சின்னக் கைக்கு மூணோ நாலோ விரல் மேல, கட்டை விரல் கீழ, தையல் குறுக்க வர்ற இடத்துல விரல் நுனி. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல கொஞ்சம் வெளிச்சம் தெரிஞ்சா பிடி சரி.

யார் சொல்லித்தர்றதுங்கற கேள்விக்கு ரொம்ப யோசிக்க வேணாம். காசு குடுத்து தனி கோச் வைக்கறது இந்த வயசுக்கு அவசியமே இல்ல, அந்தக் காசுக்கு ஒரு பக்கெட் பந்தும் நல்ல க்ளவும் வாங்கிடலாம். லீக் ப்ராக்டிஸ் ஆட்டம் கத்துக்க நல்லது, ஆனா அங்க பிள்ளைங்களை ரெண்டு ரெண்டு பேரா எதிரெதிரா நிக்க வச்சு எறிய விடுவாங்க, ரெண்டு பேருக்குமே பிடிக்க வராது, பாதி நேரம் பந்து பின்னாடி ஓடறதுலயே போயிடும். அதுவும் இல்லாம எதிர்ல இருக்கறவளுக்கு பட்டுடுமேன்னு ரெண்டு பேரும் மெதுவா தள்ளி விடுவாங்க. அதனால எறியறதை வேலிகிட்ட, பிடிக்கறதை தனியா, இப்படிப் பிரிச்சு வைக்கறது வீட்டுல இருக்கற நீங்க பண்ண வேண்டியது. வாரத்துல மூணு நாலு நாள், பத்து நிமிஷம், போதும்.

கிரிக்கெட் ஆடின அப்பாக்கள் எனக்கு பேஸ்பாலே தெரியாதேன்னு ஒதுங்க வேணாம். பவுண்டரில இருந்து கீப்பருக்கு எறிஞ்ச அதே த்ரோதான் இது, பக்கவாட்டுல திரும்பி, எதிர்க் காலை வச்சு, முழங்கையை மடக்கி. ஆனா பிள்ளை முன்னாடி பவுலிங் போட்டுக் காட்டிட்டு உடனே த்ரோ சொல்லித்தராதீங்க, கையை மடக்காம சுத்தி விடற அந்த ஆக்ஷனை அப்படியே காப்பி அடிக்கும், பந்து ஒண்ணு வானத்துக்கு போகும் இல்ல காலடியில விழும். ரெண்டையும் வேற வேற நாள்ல வச்சுக்கோங்க.

வலி விஷயத்துல மட்டும் எந்த சமாதானமும் கிடையாது. இந்த வயசுல எலும்போட நுனியில வளர்ற பகுதி இன்னும் இறுகல, முழங்கையோ தோளோ வலிக்குதுன்னு பிள்ளை சொன்னா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க, ரெண்டு மூணு நாள் ஓய்வு குடுத்தும் திரும்ப வந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க. எடை கூடின பந்து வச்சு பழகினா வேகம் வரும்னு யாராவது சொன்னா இந்த வயசுக்கு அதை கண்டிப்பா தவிர்த்துடுங்க.

ஆக வரிசை இதுதான்: முதல் மூணு நாலு வாரம் வயசுக்கேத்த சின்னப் பந்தும் வேலியும், பலம் மட்டும். கால் சரியா வராதவளுக்கு நடுவுல கயிறு. பத்துல ஏழெட்டு த்ரோ எதிர்க் கால்ல தானா வர ஆரம்பிச்சதும் பந்தை மாத்துங்க, மாத்தினதும் ஒரு வாரம் பழைய தள்ளு கொஞ்சம் எட்டிப் பாக்கும், அப்ப பயந்து முட்டி போட வைக்காதீங்க, தூரத்தை கொஞ்சம் குறைச்சு திரும்ப பலமா எறிய விடுங்க. அது நிலைச்சதுக்கப்புறம் வேலியில ஒரு பெரிய துண்டைக் கட்டி குறி பாக்க ஆரம்பிக்கலாம், அதுக்கும் பின்னாடிதான் நீங்க க்ளவ் போட்டுக்கிட்டு எதிர்ல போய் நிக்கறது. நெஞ்சுக்கு நேரா பிடிச்சு காட்டுங்க, தலைக்கு மேல போனாலும் "நல்ல வேகம்"னு சொல்லிட்டு நீங்களே ஓடிப் போய் எடுத்துட்டு வாங்க.